நான்கே வருடத்தில் காலியாகும் அணி

1989 நவம்பர் 19. டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு தகுதிச்சுற்று ஆட்டம். உலகக் கோப்பைக்குப் போக வேண்டுமென்றால் அமெரிக்க அணி அன்று ஜெயித்தே ஆக வேண்டும். பால் கலிஜியூரி தூரத்திலிருந்து அடித்த ஒரே கோலில் ஜெயித்தார்கள். 40 வருடத்துக்குப் பிறகு அமெரிக்கா உலகக் கோப்பைக்குள் நுழைந்தது.

அந்தக் கோலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். என் கண் போவது வேறு இடத்துக்கு. அன்று கோல்கீப்பர் டோனி மியோலா. நடுக்களத்தில் ஜான் ஹார்க்ஸ், டாப் ராமோஸ். மூன்று பேரும் நியூஜெர்சியில் ஒரே வட்டாரத்தில் வளர்ந்தவர்கள். மியோலாவும் ஹார்க்ஸும் கார்னி உயர்நிலைப் பள்ளி. ராமோஸ் படித்தது பசேயிக் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூவார்க்கில் இருக்கும் செயின்ட் பெனடிக்ட்ஸ் பள்ளி. கார்னியில் அப்போது மொத்த மக்கள்தொகையே சுமார் 35,000. அத்தனை சின்ன ஊரிலிருந்து ஒரு நாட்டின் அணிக்கு இத்தனை பேர் எப்படி வந்தார்கள்?

விடை ஒரு நூல் ஆலையில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துக் கிளார்க் குடும்பம் தையல் நூல் வியாபாரத்தில் பெரிய பெயர். அவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பசேயிக் ஆற்றங்கரையில் ஆலைகளைக் கட்டினார்கள். கிர்கால்டியின் நெயர்ன் குடும்பம் 1880-களில் கார்னியிலேயே லினோலியம் என்ற தரைவிரிப்புத் தொழிற்சாலை வைத்தது. வேலை தெரிந்த ஆட்கள் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தார்கள். கூடவே கால்பந்தும் வந்தது. கிளார்க் ஆலைத் தொழிலாளர்களின் அணிக்கு ஓ.என்.டி. என்று பெயர். அவர்கள் விற்ற நூலின் பெயர் ‘அவர் நியூ திரெட்’. அதன் முதலெழுத்துகள்தான் அணியின் பெயர். 1884-ல் அமெரிக்கன் ஃபுட்பால் அசோசியேஷன் உருவானது. அது நடத்திய கோப்பையின் முதல் மூன்று வருடமும், அதாவது 1885, 1886, 1887, ஓ.என்.டி.யே ஜெயித்தது. பிறகு கார்னி ஸ்காட்ஸ் என்ற அணி 1937 முதல் 1941 வரை தொடர்ந்து ஐந்து வருடம் அமெரிக்கன் சாக்கர் லீக் பட்டத்தை வைத்திருந்தது.

இப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்கூடம் யாருக்கும் புதிதாக சாக்கர் (கால்பந்தை அமெரிக்காவில் அப்படித்தான் சொல்வார்கள்) சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பில் சேரும் பையன் அதற்கு முன்பே பல வருடம் சிறுவர் அணிகளில் ஆடியிருப்பான். ஹார்க்ஸின் அப்பா ஸ்காட்லாந்துக்காரர். மியோலாவின் அப்பா இத்தாலியர். ராமோஸ் பிறந்ததே உருகுவேயில். வீட்டிலும் தெருவிலும் இருந்த ஆட்டத்துக்குப் பள்ளி ஒரு ஜெர்சியைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் சாக்கர் எப்படி வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ‘இந்த வருடம் பள்ளி வாரியம் அனுமதி கொடுத்தது’ என்று ஒரு தேதியைக் காட்டுவார்கள். தேதி சரியாகவே இருக்கும். ஆனால் அனுமதிக் கடிதத்திலிருந்து ஒரு அணி பிறப்பதில்லை. அதற்கு முன்பே யாரோ அந்த ஊருக்கு வந்திருப்பார்கள், அல்லது ஏதோ ஒரு சட்டம் மாறியிருக்கும், அல்லது ஒரு ஆசிரியர் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் மைதானத்தில் நின்றிருப்பார். பிறந்த பிறகு அதை உயிரோடு வைத்திருப்பவர்கள் யார் என்பது இன்னும் முக்கியமான கேள்வி. என்னைப் பொறுத்தவரை அது பழைய மாணவர்கள்தான்.

பழைய மாணவர்களுக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவு, ஆட்டத்தின் விதிகள் எழுதப்பட்ட காலத்திலேயே தொடங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஈட்டன், ஹாரோ, ரக்பி, சார்ட்டர்ஹவுஸ் என்று ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு கால்பந்து வைத்திருந்தது. ஒரு பள்ளியில் பந்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடலாம். இன்னொன்றில் கூடவே கூடாது. பள்ளி முடித்து எல்லோரும் கேம்பிரிட்ஜில் ஒன்றாகச் சேர்ந்தபோது சேர்ந்து ஆட முடியவில்லை. 1848-ல் அங்கே பொது விதிகள் எழுதிப் பார்த்தார்கள். 1863-ல் லண்டனில் ஃபுட்பால் அசோசியேஷன் அமைந்தது. ‘சாக்கர்’ என்ற சொல்லே அந்த ‘அசோசியேஷன்’ என்ற சொல்லைச் சுருக்கி இங்கிலாந்து மாணவர்கள் உண்டாக்கியதுதான். அந்த அசோசியேஷன் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் தொடக்க வருடங்களில் ஜெயித்தவர்களைப் பாருங்கள்: 1879-லும் 1882-லும் ஓல்ட் ஈட்டோனியன்ஸ், 1881-ல் ஓல்ட் கார்த்தூசியன்ஸ். இரண்டுமே பழைய மாணவர் அணிகள்.

1883 இறுதி ஆட்டத்தில் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி ஓல்ட் ஈட்டோனியன்ஸை 2-1 என்று தோற்கடித்தது. நெசவாளர்களும் நூற்பாலை ஆட்களும் இருந்த அணி அது. அதற்குப் பிறகு எந்தப் பழைய மாணவர் அணியும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. கனவான்களின் பள்ளியில் விதி பெற்ற ஆட்டம் ஆலைத் தொழிலாளர் கைக்குப் போய், அவர்களோடு கடலைத் தாண்டி, அமெரிக்காவில் மறுபடியும் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. இந்தச் சுற்றுப் பாதை எனக்கு மிகவும் பிடித்தது.

எல்லா ஊரும் கார்னி இல்லை. செயின்ட் லூயிஸில் கத்தோலிக்கத் திருச்சபைகளின் சிறுவர் லீக்குகளும் பள்ளிகளும் சேர்ந்து ஆட்டத்தை வளர்த்தன. 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்த அமெரிக்க அணியில் ஐந்து பேர் அந்த ஊர்க்காரர்கள். ஆனால் நாட்டின் பெரும்பாலான புறநகர்ப் பள்ளிகளுக்கு சாக்கர் வந்தது 1960-களுக்குப் பிறகுதான். 1964-ல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற சிறுவர் அமைப்பு தொடங்கியது. யாரையும் பெஞ்சிலேயே உட்காரவைக்கக் கூடாது, எல்லாக் குழந்தையும் ஆட வேண்டும் என்பது அதன் கொள்கை. 1975-ல் பெலே நியூயார்க் காஸ்மோஸ் அணிக்கு வந்தார். 1977 ஆகஸ்டில் ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் காஸ்மோஸ் ஆட்டத்துக்கு 77,691 பேர் கூடினார்கள். காஸ்மோஸ் ஆடிய நார்த் அமெரிக்கன் சாக்கர் லீக் 1984 சீசனோடு முடங்கிப்போனது. ஆனால் அதைப் பார்த்துப் பந்து வாங்கிய குழந்தைகள் அதற்குள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட பள்ளிகளில் தொடக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். முதலில் அது பள்ளி அணியாகவே இருக்காது, ஒரு கிளப்பாக இருக்கும். பஸ் கிடையாது, பெற்றோர் காரில் கொண்டுபோய் விடுவார்கள். சீருடைக்குக் காசு வீடுவீடாக வசூலாகும். மைதானம், பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பாலுக்கானது. அதன் கஜக் கோடுகளுக்கு மேல் வேறு நிறத்தில் சாக்கர் கோடு போட்டு, எச் வடிவக் கம்பத்துக்கு முன்னால் கோல் வலையைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். ஆட்டம் முடிந்ததும் மறுபடி ஓரமாகத் தள்ள வேண்டும். கோச்சாக வருபவர் ஜெர்மன் பாடமோ வரலாறோ நடத்துகிறவராக இருப்பார். சில சமயம் அவரே வாழ்க்கையில் சாக்கர் ஆடியிருக்க மாட்டார். சில வருடம் கழித்து, ஆட்கள் சேர்ந்து, பக்கத்துப் பள்ளிகளும் அணி வைத்த பிறகுதான் அது ‘வார்சிட்டி’, அதாவது பள்ளியின் அதிகாரபூர்வ முதல் அணி, ஆகும். அதன் பிறகு ஜூனியர் வார்சிட்டி என்ற இரண்டாம் அணி, சில இடங்களில் ஒன்பதாம் வகுப்புக்குத் தனி அணி, மாநில அமைப்பில் உறுப்பினர் தகுதி, அட்டவணை. இவை எல்லாம் சேர்ந்ததைத்தான் அங்கே ‘புரோகிராம்’ என்கிறார்கள்.

பெண்கள் அணியின் கதை வேறு. அதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. 1972 ஜூன் 23-ல் ‘டைட்டில் நைன்’ சட்டமானது. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டு என்ற சொல்லே அதன் மூல வாசகத்தில் இல்லை. ஆனால் விளையாட்டில்தான் அது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்க ஃபுட்பால் அணி ஒன்றே ஐம்பது, அறுபது பையன்களை எடுத்துக்கொள்ளும். அதற்கு ஈடாகப் பெண்களுக்கு எத்தனை இடம் என்று கேட்டால் பள்ளியிடம் பதில் இருக்காது. சாக்கர் அங்கே கச்சிதமாகப் பொருந்தியது: இருக்கிற மைதானமே போதும், சாமான் செலவு குறைவு, ஒரே அணியில் இருபது பேருக்கு மேல் சேர்க்கலாம்.

மாநிலப் பள்ளி விளையாட்டு அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பு வருடாவருடம் எடுக்கும் கணக்கு இதைச் சொல்கிறது. 1971-72-ல் பள்ளி சாக்கர் ஆடிய பையன்கள் சுமார் 78,500 பேர். பெண்கள் 700 பேர். நாடு முழுவதுக்கும் சேர்த்து எழுநூறு! 2018-19-ல் பையன்கள் சுமார் 4,59,000, பெண்கள் சுமார் 3,94,000. 1999 ஜூலை 10-ல் ரோஸ் பவுலில் 90,185 பேர் முன்னால் உலகக் கோப்பையை ஜெயித்த அமெரிக்கப் பெண்கள் அந்தச் சட்டத்துக்குப் பிறகு பள்ளிக்குப் போனவர்கள். கடைசிப் பெனால்டியை அடித்த பிராண்டி சாஸ்டைன் சான் ஹோசேயின் ஆர்ச்பிஷப் மிட்டி பள்ளி. மிஷெல் ஏக்கர்ஸ் சியாட்டிலை ஒட்டிய ஷோர்கிரெஸ்ட் பள்ளி. இவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு பள்ளியின் பழைய மாணவிகள்.

கார்னியில் நடந்தது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். வட கரோலினாவின் சைலர் சிட்டியில் 1990-களில் கோழி இறைச்சி ஆலை வேலைக்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்காவிலிருந்து குடும்பங்கள் வந்தன. 2000-ல் அந்த ஊரின் நகர மன்றக் கட்டடத்துக்கு முன்னால் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேரணி நடந்தது. கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் முன்னாள் தலைவர் டேவிட் டியூக் வந்து பேசினார். அதே ஊரில் ஜோர்டான்-மாத்யூஸ் பள்ளியில் அணி தொடங்கி, பால் குவாட்ரோஸ் என்ற பத்திரிகையாளர் அதற்குக் கோச் ஆனார். கோழி ஆலைகளைப் பற்றி எழுத வந்தவர் அவர். தொடங்கிய சில வருடங்களில், 2004-ல், அந்தப் பையன்கள் மாநிலப் பட்டம் ஜெயித்தார்கள்.

மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனும் ஒரு ஆலை நகரம். ஒரு காலத்தில் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்த, பிரெஞ்சு பேசும் மக்கள் அங்கே தறியில் நின்றார்கள். 2001-லிருந்து சோமாலிய அகதிகள் வரத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே அன்றைய மேயர், வருகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். 2015 நவம்பரில் லூயிஸ்டன் உயர்நிலைப் பள்ளி ஸ்கார்பரோவை 1-0 என்று தோற்கடித்து மாநிலப் பட்டம் ஜெயித்தது. பள்ளியின் சாக்கர் வரலாற்றிலேயே முதல் பட்டம். அந்த அணியில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஆலை, குடியேற்றம், பந்து, பள்ளி என்று நூறு வருடத்துக்கு முந்தைய அதே வரிசைதான் இது.

சரி, இப்போது பழைய மாணவர்களுக்கு வருவோம்.

பள்ளி அணியின் இயல்பிலேயே ஒரு குறை இருக்கிறது. தொழில்முறைக் கிளப்பில் ஒரு ஆட்டக்காரர் பத்து வருடம் இருக்கலாம். பள்ளியில் நான்கு வருடம். அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. ஒவ்வொரு ஜூனிலும் அணியின் சிறந்த ஆட்கள் மொத்தமாக வெளியே போய்விடுவார்கள். நான்கு வருடத்தில் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார். கோச் மாறினால் அன்றோடு எல்லாம் மறந்துபோகும். கார்னர் கிக்குக்கு யார் எங்கே நிற்க வேண்டும், பஸ்ஸில் எந்தப் பாட்டு, பக்கத்து ஊரை எதற்காகக் கட்டாயம் ஜெயிக்க வேண்டும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்காது. மூத்தவர் இளையவருக்குச் சொல்லித்தான் வந்துசேரும்.

அந்தச் சங்கிலியை நான்கு வருடத்துக்கு மேல் நீட்டிப்பவர்கள் போனவர்கள்தான். அவர்கள் திரும்பி வருகிற நாள் ‘அலும்னி ஆட்டம்’. ஆகஸ்டில் சீசன் தொடங்கும் முன்போ, நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் எல்லோரும் ஊருக்கு வந்திருக்கும்போதோ நடக்கும். போன வருடம் முடித்துப் போன பத்தொன்பது வயதுப் பையனும் தலை நரைத்தவரும் ஒரே பக்கம் நிற்பார்கள். பள்ளி ஆட்டத்தில் ஒரு பாதிக்கு 40 நிமிடம். அன்றைக்குப் பெரியவர்கள் பத்து நிமிடத்திலேயே கையைத் தூக்கி மாற்று ஆள் கேட்பார்கள். முழங்காலில் பட்டை, வயிற்றில் இறுகிய பழைய ஜெர்சி, கடன் வாங்கிய ஷூ. கால் சொன்ன பேச்சைக் கேட்காது, கண் மட்டும் மறந்திருக்காது. இருபது வருடத்துக்கு முன்னால் கூட ஆடியவன் இந்தப் பக்கம்தான் ஓடுவான் என்று தெரிந்து பந்தைப் போடுவார். அவனும் அங்கேதான் ஓடிக்கொண்டிருப்பான். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் இப்போதைய மாணவர்கள் அதைப் பார்க்கிறார்கள். கோச் நூறு முறை சொன்னாலும் வராத ஒன்று அந்த ஒரு பாஸில் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

பணமும் உழைப்பும் இதே வழியாகத்தான் வருகின்றன. பள்ளி அணிக்குக் காசு திரட்டும் பூஸ்டர் கிளப் என்பது பெரும்பாலும் இப்போதைய பெற்றோரின் அமைப்பு. பிள்ளை முடித்ததும் அவர்கள் விலகிவிடுவார்கள். நீண்ட நாள் நிற்பவர்கள் பழைய ஆட்டக்காரர்கள். ஸ்கோர்போர்டுக்கு நன்கொடை, கல்லூரிக்குப் போகும் ஒருவருக்குச் சிறு உதவித்தொகை, புது நடுவராகப் பயிற்சி எடுத்து உள்ளூர் ஆட்டங்களுக்கு விசில் ஊதுவது. எல்லாவற்றையும்விடப் பெரியது, துணைக் கோச்சாகத் திரும்பி வருவது. ஒரு அணி நாற்பது வருடம் நன்றாக இருக்கிறது என்றால் அதன் கோச்சுகளின் பட்டியலைப் பாருங்கள். அதில் பாதிப் பேர் அந்தப் பள்ளி ஜெர்சியைப் போட்டவர்களாக இருந்தால் எனக்கு ஆச்சரியமே வராது.

இந்தச் சங்கிலிக்கு வந்த பெரிய சோதனை 2007-ல் அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு தொடங்கிய டெவலப்மென்ட் அகாடமி. திறமையான பையன்களைக் கிளப்புகளில் சேர்த்துத் தொழில்முறைத் தரத்துக்குக் கொண்டுபோவது நோக்கம். 2012-ல் சீசனைப் பத்து மாதமாக்கி, அகாடமியில் இருப்பவர் பள்ளி அணியில் ஆடக் கூடாது என்றார்கள். 15 வயதுப் பையன் ஒரு பக்கம் கனவையும் மறுபக்கம் வகுப்புத் தோழர்களையும் வைத்து எடைபோட வேண்டி வந்தது. 2020 ஏப்ரலில் அந்த அகாடமி மூடப்பட்டது; அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான எம்.எல்.எஸ். தொடங்கிய ‘எம்.எல்.எஸ். நெக்ஸ்ட்’ அந்த இடத்துக்கு வந்தது. பயிற்சித் தரத்தில் அகாடமி உயர்ந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து வெளியே வருகிற நூறு பேரில் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதில்லை. முப்பது வயதில் அவர்கள் எந்த மைதானத்துக்குத் திரும்பிப் போவார்கள்? அதைப் பற்றி யாரும் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பது என் வருத்தம்.

கடைசியாக, தொடக்கக் கதைகளைப் பற்றி. பாஸ்டன் காமன் பூங்காவில் ஒரு கல் இருக்கிறது. 1862 முதல் 1865 வரை அங்கே ஆடிய ஒனைடா ஃபுட்பால் கிளப்தான் நாட்டின் முதல் ஒழுங்கமைந்த கால்பந்து அணி, அதன் கோல் கோட்டை யாரும் தாண்டியதே இல்லை என்கிறது கல்வெட்டு. கெரிட் ஸ்மித் மில்லர் என்ற மாணவர் பாஸ்டனின் பள்ளிப் பையன்களைச் சேர்த்து உண்டாக்கிய அணி அது. கல்லை நட்டது 1925-ல், அதுவரை உயிரோடு இருந்த ஏழு பழைய ஆட்டக்காரர்கள். அறுபது வருட நினைவு அது. அவர்கள் ஆடியது இன்றைய சாக்கர்தானா, முதல் அணி என்ற உரிமை எந்த அளவுக்கு நிற்கும் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த ஆட்டத்தில் கையும் பயன்பட்டது.

இதை வைத்து அந்த முதியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் நினைவு வைத்திருக்காவிட்டால் வாதாடக்கூட ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் தன் பள்ளி அணியின் தொடக்கத்தை எழுத விரும்புகிறவர் நினைவை மட்டும் நம்பக் கூடாது. ஆண்டு மலரில் அணிப் புகைப்படம் முதலில் வந்தது எந்த வருடம், உள்ளூர் பத்திரிகையில் முதல் ஸ்கோர் எப்போது, மாநில அமைப்பின் பதிவில் பள்ளி எப்போது சேர்ந்தது என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கிளப்பாக இருந்த முதல் சில வருடங்கள் இந்த மூன்றிலுமே அகப்படாமல் போகலாம். பெண்கள் அணியென்றால் இது இன்னும் அதிகம். பல இடங்களில் அவர்களுடைய முதல் ஆட்டங்களுக்குச் செய்தியாளர் யாரும் போகவே இல்லை.

1970-களின் நடுவில் முதல் பெண்கள் அணியில் ஆடியவர்களுக்கு இன்று அறுபது வயதைத் தாண்டிவிட்டது. அன்றைய ஸ்கோர் புத்தகம் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும். பையன்கள் கழற்றிப் போட்ட ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆடினோமா, புதிது தைத்தோமா, கோச் ஆக யார் முதலில் சம்மதித்தார், எந்தப் பள்ளி நம்மோடு ஆட மாட்டேன் என்றது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த அலும்னி ஆட்டத்துக்கு அவர்களை அழைத்து, ஆட்டம் முடிந்ததும் ஒரு ரெக்கார்டரோடு பக்கத்தில் உட்கார வேண்டும்.